காடு திருத்தியவர் யார்? சேரி மனையும் பஞ்சமி நிலமும்

பட்டினப்பாலை கரிகாலனைப் புகழ்கிறது. காடுகளைத் திருத்தி நாடாக்கியவன், குடிகளை அமர்த்தியவன் என்று. எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களிடம் அந்தப் பகுதிக்கு இலக்கணக் குறிப்பு கேட்டார்கள், பொருள் நயம் கேட்டார்கள். கோடாரி பிடித்த கை யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. திருத்திய காட்டில் அந்தக் கைக்கு ஒரு குழி நிலமாவது கிடைத்ததா, குடிசை போட மனை கிடைத்ததா என்றும் கேட்கவில்லை. பாட்டு ராஜா பேரில் இருக்கிறது. பட்டா ஆண்டை பேரில் இருக்கிறது. வெட்டினவன் பேர் எதிலும் இல்லை.

தமிழ்நாட்டு நில வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது வரி வரலாறு. யார் எவ்வளவு வரி கட்டினான், எந்த ராஜா எந்தக் கோயிலுக்கு எந்த ஊரைக் கொடுத்தான் என்பதுதான் அதில் இருக்கிறது. தரிசைத் திருத்தி மண்ணாக்கின உழைப்பின் வரலாறு தனியாக எழுதப்பட வேண்டும். குடியிருக்க ஒரு சாண் இடத்துக்காக நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நடத்திய போராட்டத்தின் வரலாறும் அதோடு சேர்த்துத்தான் எழுதப்பட வேண்டும். நிலம் வேறு, மனை வேறு என்று அரசாங்கம் இரண்டு ஃபைல் வைத்திருக்கலாம். சேரியில் இரண்டும் ஒரே பிரச்சினை.

நத்தமும் சேரியும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு இருக்கிறது. எந்த நிலத்துக்கு வரி, எதற்கு இல்லை என்ற பட்டியல் அதில் வருகிறது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் வரியில்லாத இடங்களாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஊர் தனி, சேரி தனி என்பது கல்லில் வெட்டப்பட்டுவிட்டது.

வரி இல்லை என்றதும் சலுகை என்று சிலர் வியாக்கியானம் செய்வார்கள். உழவனுக்கு வரி என்பது சுமை மட்டுமில்லை, நிலத்தின் மேல் அவனுக்குள்ள உறவுக்குச் சாட்சியும்தான். வரி கட்டுகிறவன் பேர் கணக்கில் ஏறும். சேரியில் இருப்பவன் பேர் ஏறாது. அவன் இருக்கிற இடம் சுடுகாட்டோடு சேர்த்து எண்ணப்படும்.

மிராசு என்ற பூட்டு

தொண்டை மண்டலத்தில், குறிப்பாகச் செங்கல்பட்டில், மிராசு முறை இருந்தது. வெள்ளாளர், பார்ப்பனர் போன்ற மேல்சாதிக் குடும்பங்கள் சில, ஒரு கிராமத்தின் மொத்த நிலத்திலும் பரம்பரைப் பங்குரிமை கொண்டாடின. உழுகிற நஞ்சை புஞ்சையில் மட்டுமல்ல, தரிசிலும் உரிமை, சேரி இருக்கிற மண்ணிலும் உரிமை என்றார்கள். எல்லிஸ் துரை 1818இல் மிராசு உரிமை பற்றி எழுதியதைத் தமிழறிஞர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் திருக்குறளுக்கு உரை எழுதியவர், தமிழ் மேல் பற்றுள்ளவர். இருக்கட்டும். மிராசுதார் சொன்ன உரிமைக்குப் பழமையும் கௌரவமும் சேர்த்துக் கொடுத்த எழுத்துகளில் அவருடையதும் ஒன்று என்பதையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1843இல் ஐந்தாவது சட்டம் வந்தது. அடிமை முறையைக் கம்பெனி நீதிமன்றங்கள் இனி அங்கீகரிக்காது என்றது. காகிதத்தில் அடிமை போனான். படியாள் போகவில்லை. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடனுக்கு ஆளையே ஈடு வைத்து எழுதிக் கொடுக்கும் வழக்கம் தொடர்ந்தது. அப்பன் வாங்கின கடனுக்கு மகன் உழுதான். ஓடிப் போகலாமே என்று கேட்கலாம். எங்கே போவது? குடிசை இருக்கும் மண் ஆண்டைக்குச் சொந்தம். கூலி அதிகம் கேட்டால், எதிர்த்துப் பேசினால், மதம் மாறினால், 'என் மண்ணை விட்டு எழுந்திரு' என்று ஒரே வார்த்தை. சவுக்கு கூடத் தேவையில்லை. மனைதான் சங்கிலி.

சரி, அரசாங்கத் தரிசு கிடக்கிறதே, அதை விண்ணப்பித்து வாங்கலாமே? அதற்கு தர்காஸ்து என்று ஒரு முறை இருந்தது. தரிசு வேண்டும் என்று மனு போட்டால், அந்த மனு கிராம முன்சீப், கர்ணம் கைக்கு வரும். அவர்கள் யார்? மிராசுதார் வீட்டு ஆட்கள், இல்லையென்றால் அவர்களை அண்டிப் பிழைப்பவர்கள். சேரிக்காரன் மனு போட்ட நிலத்தை மிராசுதார் 'எனக்கு வேண்டும்' என்று சொன்னால் போதும், முன்னுரிமை அவருக்கு. வாங்கி அவர் பயிர் வைக்க வேண்டியதில்லை. தரிசாகவே போட்டு வைக்கலாம். சேரிக்காரன் கைக்கு அது போகாமல் இருந்தால் சரி.

இதன் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மிராசுதாருக்குத் தேவைப்பட்டது நிலம் அல்ல, ஆள். சொந்தமாக அரை ஏக்கர் கேழ்வரகும் சொந்த மனையும் உள்ளவன் விடியற்காலையில் ஆண்டை வீட்டுக் கொட்டிலில் வந்து நிற்க மாட்டான். அவன் தரிசைத் திருத்துகிற ஒவ்வொரு நாளும் ஆண்டைக்கு ஓர் ஆள் குறைகிறது. நம்ம ஆள் மண்வெட்டி எடுத்துக்கொண்டு தரிசுக்குப் போவதைப் பார்த்து ஊர் ஏன் அவ்வளவு பதறியது என்பதற்கு இதுதான் காரணம்.

1891, 1892

செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த திரமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதி அரசுக்குக் கொடுத்தார். படியாள் முறை, தர்காஸ்து மோசடி, சேரி மனையைக் காட்டி மிரட்டுவது எல்லாவற்றையும் அதில் வைத்தார். வருவாய் வாரியம் முகம் சுளித்தது. மேல்சாதியார் கொதித்தார்கள். கடைசியில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண் அரசாணை வந்தது. தரிசு நிலத்தை ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு ஒதுக்கலாம் என்ற வழி அதிலிருந்துதான் திறந்தது.

இன்று நம் கூட்டங்களில் திரமென்ஹீர் படம் வைக்கிறோம். நன்றி மறக்கக் கூடாது, சரிதான். ஆனால் இது ஒரு துரையின் கருணையால் மட்டும் வந்தது என்று எழுதினால் வரலாறு நொண்டும். அதே 1891இல்தான் அயோத்திதாசர் நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் போட்டார். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார். மிஷனரிகள் அறிக்கை மேல் அறிக்கை எழுதினார்கள். அவர்களிடம் போய் வாய் திறந்து சொன்னது யார்? மனை போய்விடும் என்று தெரிந்தே துணிந்து சொன்ன சேரி ஜனங்கள்தான். அவர்கள் பேர் எந்த அறிக்கையிலும் பெரிய எழுத்தில் இல்லை.

இப்படிக் கொடுக்கப்பட்ட நிலத்துக்குத்தான் டி.சி. நிலம், பஞ்சமி நிலம் என்று பெயர். நிபந்தனை உண்டு. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, கைமாற்றக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணம் முழுக்க இப்படி 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது என்று தலித் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லி வருகின்றன.

கல் பொறுக்கின கதை

கொடுத்தது எப்படிப்பட்ட நிலம்? ஏரிப் பாய்ச்சல் நஞ்சையையா கொடுத்தார்கள்? ஊருக்கு ஒதுங்கின மேடு, மலையடிவாரம், கல்லும் கள்ளியும் மண்டின இடம். ஆடு மேய்ப்பவன்கூட ஒதுங்கிப் போகிற தரிசு.

என் தாத்தாவுடைய அப்பா பேரில் அப்படி ஒன்றரை ஏக்கர் இருந்தது. மதுராந்தகம் பக்கம், எங்கள் சேரியிலிருந்து ஒரு மைலுக்கு மேல். ஆயா கல்யாணமாகி வந்தபோது பாதி நிலம் இன்னும் புதராகத்தான் கிடந்ததாம். ஆயா சொல்லும்: "காரமுள்ளு, சூரமுள்ளு, சப்பாத்திக் கள்ளி, ஈச்சம் பொதரு. ஆம்பளைங்க கடப்பாறையால வேரைப் பேப்பாங்க. நாங்க கல்லு பொறுக்குவோம். புள்ளைய மரத்துல ஏணை கட்டிப் போட்டுட்டு பொறுக்குவேன். ஒரு கூடை கல்லு எடுத்தா அடியில ரெண்டு கூடை இருக்கும். மழ பேஞ்சா மண்ணு கரைஞ்சி போவும், கல்லு முளைக்கும்."

பகலில் ஆண்டை வீட்டு வேலை. அதை விட முடியாது. அங்கிருந்து திரும்பி, நிலா வெளிச்சத்தில் சொந்த நிலத்தில் வேலை. பொறுக்கின கல்லை எல்லையில் வரப்பாக அடுக்கினார்கள். வெட்டின முள்ளை வேலியாகப் போட்டார்கள். வேரை எரித்த சாம்பலை அதே மண்ணில் இறைத்தார்கள். முதலில் கொள்ளும் காராமணியும்தான் வந்தது. அதற்குப் பிறகு வரகு, கேழ்வரகு. அஞ்சாறு வருஷம் போனபிறகு வேர்க்கடலை. மேட்டு மூலையில் மண்சுவர் வைத்து, பனங்கை போட்டு, பனையோலை வேய்ந்து ஒரு கொட்டாய் கட்டினார்கள். காவலுக்கு என்று சொல்லித்தான் கட்டினது. ஆனால் தாத்தா அங்கேயே படுத்துக்கொள்வாராம். யாருடைய மண்ணிலும் இல்லாமல் தன் மண்ணில் படுப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

இதை என் குடும்பப் பெருமைக்காக எழுதவில்லை. செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று எந்தச் சேரிக்குப் போய் எழுபது எண்பது வயசு ஆயாவைக் கேட்டாலும் இதே கதைதான் வரும். கல், முள், நிலா வெளிச்சம். விவசாய விஞ்ஞானிகள் இதை 'நில மேம்பாடு' என்பார்கள். செலவு போடுவார்கள், எந்திரம் கொடுப்பார்கள், மானியம் கொடுப்பார்கள். நம்ம ஆட்கள் கடப்பாறையும் கூடையும் வைத்துக்கொண்டு செய்தார்கள். அதற்கு ஒரு காலணா கூலி எந்தக் கணக்கிலும் இல்லை.

போன விதம்

மண் கனிகிற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடலை விளைந்ததும் பார்வை விழுந்தது. எங்கள் நிலம் போனது அத்தை கல்யாணத்துக்கு வாங்கின நாலு மூட்டை நெல்லுக்கும் கொஞ்சம் ரொக்கத்துக்கும். ஒத்தி என்று சொல்லிக் கைநாட்டு வாங்கினார்கள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. கடன் அடைக்கப் போனபோது நிலம் ஊராருடையது என்றார்கள். டி.சி. நிலத்தை மேல்சாதிக்காரர் வாங்கவே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டியது கர்ணம். கணக்கை மாற்றி எழுதினதே அவர்தான். ஆயா ஒரே வரியில் முடிக்கும்: "கல்லு பொறுக்கினது நானு, கடலை பறிச்சது அவன்."

இதே பாணிதான் எங்கும். ஒத்தி, வாய்மொழிக் குத்தகை, பினாமி, மிரட்டல். 1980இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. நல்லது. ஆனால் அவர்கள் எழுதி வைத்த கணக்கு ஒழியவில்லை. அதே 80களில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் என்று கணக்கைப் புதுப்பித்தார்கள். நேரில் அனுபவத்தில் இருப்பவன் பேரை எழுது என்றதும், பிடுங்கினவன் பேர் சட்டப்படி ஏறிக்கொண்டது. பழைய 'அ' பதிவேட்டில் இருந்த டி.சி. குறிப்பு புதுப் பதிவேட்டில் பல ஊர்களில் காணாமல் போனது.

1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தலித்துகளுக்கு ஒதுக்கிய நிலத்தை அபகரிப்பதைக் குற்றம் என்று சொல்கிறது. 2015 திருத்தத்திலும் அது இருக்கிறது. சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கணக்கு வைத்திருப்பவன் சட்டத்தைப் படிக்க வேண்டுமே!

மனைக்கு ஒரு நூற்றாண்டு

நிலத்துக்காவது 1892இல் வழி பிறந்தது. மனைப் பிரச்சினையில் அரசு கை வைக்கத் தயங்கியது. கை வைத்தால் மிராசுதாரின் அடிமடியில் கை வைப்பதாகும். 1920ஐ ஒட்டித் தொழிலாளர் துறை வந்த பிறகுதான் தஞ்சாவூர் மாதிரி மாவட்டங்களில் நிலம் வாங்கிச் சேரி மக்களுக்கு மனையாகக் கொடுக்கும் வேலை நடந்தது. அதுவும் இலவசமில்லை. கூட்டுறவுச் சங்கம் வைத்து, தவணை தவணையாக நம்ம ஆட்களே பணம் கட்டித் தீர்த்தார்கள். தலைமுறையாக இருந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கினார்கள்.

1961இல் குடியிருப்பாளர்களை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்து எரித்தார்கள். கூலி கேட்டதற்குத் தண்டனை, குடிசையோடு சேர்த்துக் கொளுத்துவது. மனைதான் சங்கிலி என்று மேலே சொன்னதற்கு இதைவிடக் கொடூரமான சாட்சி வேண்டியதில்லை. அதன் பிறகு, 1971இல்தான், விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மண் அவனுக்கே சொந்தம் என்ற சட்டம் வந்தது. 1978இல் ஆதிதிராவிடர் மனைக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் செய்தார்கள். அதை எதிர்த்து நிலக்காரர்கள் உச்சநீதிமன்றம் வரை போனார்கள்.

சரி, கிடைத்த மனை எப்படி? மூணு சென்ட். ஏரி உள்வாயை ஒட்டி, சுடுகாட்டுக்குப் பக்கத்தில். மேலே ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் வைத்த தொகுப்பு வீடு. எங்கள் குடும்பத்துக்கு 80களில் கிடைத்தது அப்படி ஒன்று. பத்து வருஷத்தில் தளம் ஒழுகியது. கம்பி துருப்பிடித்து ஊதி, காரை பெயர்ந்து தூங்குகிற பிள்ளைகள் மேல் விழுந்தது. எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டையும் அவரவரே திரும்பக் கட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பெயர்ந்ததைத் தட்டி எடுத்து, கம்பியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, சிமெண்ட் பால் அடித்து, மறுபடி பூசி. அதற்கும் வழியில்லாதவர்கள் தேர்தல் முடிந்ததும் பிளெக்ஸ் பேனரைக் கொண்டுவந்து தளத்தின் மேல் விரித்துக் கல் வைத்தார்கள். தலைவர்கள் நம் வீட்டுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான் என்று அப்பா சிரிப்பார்.

2019இல் எங்கள் ஊரில் புதுக் குடும்பங்களுக்கு மனைப்பட்டா கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் ஆள் உயர வேலிகாத்தான். கல் எங்கே நட்டார்கள் என்றே தெரியவில்லை. ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து ரெண்டு நாள் ஓட்டினோம். பணம் தீர்ந்ததும் மீதியைக் கையால் வெட்டினோம். வேலிகாத்தான் முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். அடிவேரை எடுக்காவிட்டால் ஒரு மழையில் மறுபடி தழைக்கும். காலேஜ் படித்த பையன்கள் கடப்பாறை பிடிக்கத் தெரியாமல் கை கொப்பளித்து நின்றபோது, பொம்பளைகள்தான் வேரை எப்படிச் சுற்றித் தோண்டுவது என்று காட்டினார்கள். அந்த அறிவு இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

காரணையும் அதற்குப் பிறகும்

1994ஐ நாம் மறக்க முடியாது. செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் அறுநூறு ஏக்கருக்கு மேல் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு ஜனங்கள் எழுந்தார்கள். அம்பேத்கர் சிலையை அந்த மண்ணில் வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நியாயம் கேட்டுத் திரண்டவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரன் ஆணை போட்டுக் கொடுத்த நிலத்தை, சுதந்திர நாட்டில் 'எங்களுடையது' என்று சொன்னதற்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு.

காரணைக்குப் பிறகுதான் பஞ்சமி நிலம் என்ற சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அதுவரை தாலுகா ஆபீஸ் பீரோவுக்குள் கிடந்த சொல் அது. அந்த இருவரின் ரத்தம் அதை வெளியே கொண்டுவந்தது.

இப்போது அந்த நிலங்கள் எங்கே? கடலை விளைந்த மேடெல்லாம் பிளாட் போட்டுக் கொடி கட்டியிருக்கிறது. ஆயாக்கள் அடுக்கின கல் வரப்பை ஜேசிபி ஒரு மணி நேரத்தில் வாரிவிட்டது. சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். தரிசாக இருந்தபோது நம்மிடம் தள்ளிய மண், தங்கமானதும் நம்மிடமிருந்து போய்விட்டது.

நாம் செய்ய வேண்டியது என்ன? கண்டனக் கூட்டம் மட்டும் போதாது. ஊர் ஊராக ஒரு கணக்கு எழுத வேண்டும். பழைய 'அ' பதிவேட்டு நகலும் நிலவரித் திட்டப் பதிவேட்டு நகலும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க வேண்டும். எந்தச் சர்வே எண்ணில் டி.சி. என்று எழுதியிருந்தது, எந்த வருஷத்தில் அது மறைந்தது, யார் பேர் ஏறியது என்று வரிசையாக எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கு. அந்த எண்ணில் முள் வெட்டினது யார், கல் பொறுக்கினது யார், கிணறு தோண்டினது யார் என்று ஆயாக்களையும் தாத்தாக்களையும் கேட்டு, அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும். முதல் கணக்கு கோர்ட்டுக்கு. இரண்டாவது நம் பிள்ளைகளுக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் வரலாறு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலையாதீர்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் சேரியில் மிக வயதான பெண்ணிடம் போய் உட்காருங்கள். 'நம்ம நெலம் எது, யாரு வெட்டித் திருத்தினது?' என்று கேளுங்கள். சர்வே எண் அவர்களுக்குத் தெரியாது. எந்தப் பனைமரத்திலிருந்து எந்தப் பாறை வரை என்று சொல்வார்கள். குறித்துக்கொள்ளுங்கள். பனைமரம் போய்விட்டிருக்கும். பாறை இருக்கும்.